தொண்டூழியர் அம்மையாருக்கும் அன்று உடன் நின்ற எல்லாருக்கும்

அன்புள்ள பெற்றோர்களே, சக ஆசிரியர்களே, வணக்கம்.

சிங்கப்பூரில் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தை நினைவுகூரும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை அரும்பொருளகத்துக்கு நாம் மேற்கொண்ட கற்றல் பயணத்தில், நம் மாணவன் ஒருவனை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. மாணவன் வீடு திரும்பிவிட்டான். நேற்று தொலைபேசியில் பேசியபோது அவன் குரலில் பழைய துடுக்கு வந்திருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது. அந்த நிம்மதியிலேயே இதை எழுதுகிறேன்.

என் முதல் நன்றி, எங்களுக்கு வழிகாட்டியாக வந்த தொண்டூழியர் அம்மையாருக்கு. எழுபது வயதைக் கடந்த சீன மூதாட்டி. தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஆசிரியர்கள் மூவரும் அவனருகில் இருந்தோம். மற்றப் பிள்ளைகள் முகம் வெளிறி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அம்மையார் அவர்களை அதட்டவில்லை. பார்க்காதே என்று விரட்டவும் இல்லை. "உங்களில் யாருக்கெல்லாம் மரவள்ளிக் கிழங்கு பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த பகுதிக்கு நடந்திருக்கிறார். பிள்ளைகளும் பின்னாலேயே போயிருக்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி பங்கீட்டில் மட்டுமே கிடைத்த அந்த நாள்களில் வீட்டுக்கு முன்னும் பின்னும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டுப் பசியாறிய குடும்பங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வாழைமரப் படம் போட்ட ஜப்பானியப் பத்து வெள்ளி நோட்டு, 1945இல் போர் முடிந்ததும் வெறும் காகிதமாகிப்போன கதையையும் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாணவியின் அழுகை மட்டும் நிற்கவில்லையாம். அவளிடம் தம் கோப்பைக் கொடுத்து, "எனக்குத் தோள் வலிக்கிறது, நீ பிடித்துக்கொள். நான் சொல்லும்போது பக்கத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டு" என்றாராம். பிளாஸ்டிக் உறைக்குள் பழைய புகைப்படங்கள் அடுக்கிய தடித்த கோப்பு அது. வெள்ளைக் கொடியுடன் ஆங்கிலேய அதிகாரிகள் நடந்து வரும் படம் வந்தபோது, பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று அவள் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாளாம். அதற்குள் அழுகை நின்றுவிட்டது. பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துத் தேற்றிய அந்தப் பக்குவத்தை நினைத்து நினைத்து நெகிழ்கிறேன்.

இன்னொரு மாணவி, தன் கொள்ளுப்பாட்டியின் அண்ணனை ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை என்றாளாம். அம்மையார் தம் பேச்சை நிறுத்திவிட்டு, அவளை முன்னால் வரச்சொல்லி, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றாராம். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பதினாயிரக்கணக்கில் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அங்கே மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்சொல்ல ஒரு கல்கூடக் கிடையாது. வீட்டில் யாரோ சொல்லி, ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணின் நினைவில் தங்கியிருந்த அந்தச் சேதிக்கு அன்று மரியாதை கிடைத்தது. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு அவர் என்னிடம் வந்து, "அந்தப் பையன் எதுவரை பார்த்திருந்தான்?" என்று கேட்டார். சரணடைந்த அறைக்குள் அவன் இன்னும் நுழையவில்லை என்றேன். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சிங்கப்பூரை ஒப்படைத்துக் கையெழுத்திட்ட அறை அது. அங்கே இருப்பது மாதிரி மேசை, அசல் மேசை ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இருக்கிறது என்று சற்று முன்தான் அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். தம் குறிப்பேட்டில் பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டு, "தேறியதும் அழைத்து வாருங்கள், அங்கிருந்தே தொடங்குவோம்" என்றார். அவன் தேறிவிடுவான் என்பதை அவ்வளவு இயல்பாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மருத்துவமனையில் காத்திருந்த நேரமெல்லாம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள், இரவு முழுவதும் கவனித்துக்கொண்ட தாதியர், மருத்துவர்கள், பிள்ளைகளைப் பத்திரமாகப் பள்ளியில் சேர்த்த பஸ் ஓட்டுநர், பள்ளி வாசலில் உணவுப் பொட்டலங்களோடு காத்திருந்த பெற்றோர், நள்ளிரவிலும் நலம் கேட்ட முதல்வர் ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பெயர் தெரியாமல் உதவியவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும்.

ஒன்றை முடிவு செய்துவிட்டேன். அடுத்த பயணத்தில் பயிற்சித்தாள் கிடையாது. கோடிட்ட இடத்தை நிரப்பும் அவசரத்தில் பிள்ளைகள் காட்சிப்பொருளை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்ட ஒரு செய்தியை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரட்டும். தாத்தா பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்கப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சிங்கப்பூர் வீழ்ந்த நாளை நினைவுகூரும் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20க்குச் சங்கு ஒலிக்கும் முன் அவற்றை வகுப்பில் படித்துவிடலாம்.

மருத்துவர் அனுமதி கொடுத்ததும் அவனை அழைத்துக்கொண்டு போகிறேன். தாங்களும் வருவதாக அவன் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். அம்மையார் சனிக்கிழமைகளில் அங்கே இருப்பாராம். சேர்ந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் வகுப்புத் தலைவரிடம் பெயர் கொடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழாசிரியை