பெட்டியைத் திறந்த கைகளுக்கு

இதயம் நின்றவர்களுக்கு அட்ரினலின் மருந்து உண்மையில் உதவுகிறதா என்று பார்த்த ‘பாராமெடிக் 2’ ஆய்வில், பிரிட்டனின் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகளிலிருந்து பங்கேற்ற பாராமெடிக்குகளே, ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர்களே, வணக்கம்.

2014 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை, இதயத்துடிப்பு நின்றுபோன 8,014 பேருக்கு மருத்துவமனைக்கு வெளியே நீங்கள் சிகிச்சை அளித்தீர்கள். ஆய்வுக்கான மருந்துப் பெட்டி ஒவ்வொன்றிலும் 10 சிரிஞ்ச். சில பெட்டிகளில் 1 மி.கி. அட்ரினலின், சிலவற்றில் வெறும் உப்புநீர். எது எதுவென்று உங்களுக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தால் அந்த நோயாளி ஆய்வில் சேர்ந்துவிட்டார். பிறகு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு சிரிஞ்ச்.

சொல்வது எளிது. அட்ரினலின் போட்டே பழகிய கைக்கு, இது உப்புநீராக இருக்கலாம் என்ற எண்ணமே பாரம். நினைவிழந்தவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை. கதறும் குடும்பத்தாரிடம் விளக்க நேரமில்லை. அதனால் முதலில் சிகிச்சை, சம்மதம் பிறகு என்பதே ஏற்பாடு. அது உறுத்தியதில் வியப்பில்லை. நெஞ்சை அழுத்திக்கொண்டே யாரைச் சேர்க்கக்கூடாது என்பதையும் நினைவில் வைத்தீர்கள்: 16 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், ஒவ்வாமை அதிர்ச்சியாலோ கடும் ஆஸ்துமாவாலோ துடிப்பு நின்றவர்கள். கடைசி இரண்டிலும் அட்ரினலினே மூல நோய்க்கு மருந்து. அங்கே உப்புநீர் போடுவது பெருந்தவறு.

பிழைக்கமாட்டார் என்று தோன்றியவர்களை மட்டும் சேர்த்திருந்தால் ஆய்வு அன்றே பாழ். நாடி திரும்பாததைப் பார்த்து ‘இது உப்புநீர்தான்’ என ஊகித்து, வண்டியிலிருந்த வழக்கமான மருந்தை எடுத்திருந்தாலும் அப்படியே. அந்த ஆசை எவ்வளவு வலுவானது என்று முடிவுகளே காட்டின: அட்ரினலின் பெற்றவர்களில் 36.3 சதவீதத்தினருக்கு நாடி திரும்பியது, மற்றவர்களில் 11.7 சதவீதம்தான்.

ஆனால் 30 நாள் கழித்து உயிரோடிருந்தோர் அட்ரினலின் குழுவில் 3.2 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 2.4 சதவீதம். பிழைத்து வீடு திரும்பியவர்களில் கடுமையான மூளைப் பாதிப்பு அட்ரினலின் குழுவில் 31 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 17.8 சதவீதம். நாடி திரும்புவது வேறு, மனிதர் திரும்புவது வேறு என்று எண்களோடு இன்று வகுப்பில் சொல்ல முடிகிறதென்றால் அதற்குக் காரணம் நீங்கள்.

இதயம் நின்றவர்களின் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் வழிகளை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வான ‘ஏர்வேஸ் 2’இல் பெயர் கொடுத்த 1,523 பாராமெடிக்குகளுக்கும் எங்கள் நன்றி. மனம் ஒப்பாமல் பங்கேற்க மறுத்தவர்களுக்கும் நன்றி. அவர்களின் கேள்விகள்தாம் பயிற்சியில் முதலில் விடை பெறவேண்டியவை. ஷிப்ட் முடிந்து களைத்த நேரத்திலும் பெட்டி எண்ணை விடாமல் பதிவுத்தாளில் எழுதியவர்களுக்கு, கூடுதலாக ஒரு நன்றி.

அன்புடன்,
உயிர்மீட்பு சிகிச்சை கற்பிப்போர்