அத்திவாரம் வெட்டுமுன் அயலவருக்குத் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் அயலிலும் வாவியை அண்டிய பள்ளக் காணிகள் கிறவல் கொட்டி உயர்த்தப்பட்டு, அவற்றில் திருமண மண்டபங்களும் விடுதிகளும் மாடிக் கடைத்தொகுதிகளும் எழுந்து வருகின்றன. கட்டுவோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஊர் வளரத்தான் வேண்டும். ஆனால், இவற்றுக்கு அனுமதி கோரப்பட்டிருப்பதை அயலவர் பெரும்பாலும் அத்திவாரம் வெட்டிய பின்னரே அறிகின்றனர். அந்நேரத்தில் எழும் ஆட்சேபத்தால் கட்டடம் மாறுவதில்லை, பகைதான் மிஞ்சுகிறது.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இன்றிக் கட்டடம் எழுப்ப முடியாது. உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழு வரைபடத்தைப் பார்த்து, வீதியிலிருந்து விடவேண்டிய இடைவெளி, காற்றோட்டம், மலசலகூடக் குழியின் தூரம், வாகனத் தரிப்பிடம் முதலியவற்றைச் சரிபார்க்கிறது. இவை யாவும் அந்தக் காணியின் எல்லைக்குள் அடங்குபவை. மழைநீருக்கோ வேலி எல்லை கிடையாது. வடகீழ்ப் பருவமழையில், வாவியின் மேற்குப் புறமான படுவான்கரை ஆறுகளின் வெள்ளம் வந்து வாவி நிரம்பியதும், முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர் கடலுக்கு வடியும்வரை, நகரின் வடிகான்களில் ஓடும் நீருக்குப் போக்கிடம் இந்தப் பள்ளக் காணிகளே. அவற்றில் ஒன்றை மூன்றடி உயர்த்தி மதிலும் கட்டிவிட்டால், அங்கே தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் பின்வீட்டுக் குசினிக்குள் நுழையும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும் என்பது அளவைப் படத்தில் இராது, அவ்விடத்தில் குடியிருப்பவருக்கே தெரியும்.

பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அம்மதிப்பீட்டு அறிக்கை குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கூற 30 நாட்கள் வழங்கப்படுவது உண்மையே. ஆனால் அது 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளுக்கும், 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்பும் திட்டங்களுக்கும் உரிய ஏற்பாடு. 4 ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 10 ஏக்கர். நாற்பது பேர் ஆளுக்கு 40 பேர்ச் (கால் ஏக்கர்) வீதம் நிரப்பினாலும் அதே 10 ஏக்கர்தான் மறைகிறது, எனினும் அவர்களுள் ஒருவரும் அந்த எல்லையைத் தொடுவதில்லை. எங்கள் வாவிக்கரையில் நடப்பது இந்த இரண்டாவது வகை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து 14 வேலை நாட்களுக்குள், தகவல் தரப்படுமா என்ற தீர்மானத்தைப் பெறலாம் என்றாலும், விண்ணப்பிப்பதற்கு முதலில் அங்கே ஒரு கட்டடம் வரப்போவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

2023 மார்ச் முதல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றி இயங்கிய உள்ளூராட்சி சபைகள், 2025 மே தேர்தலின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துள்ளன. அவர்கள் செய்யக்கூடியது சிறிய காரியம். வீட்டுத் தேவைக்கு அப்பாற்பட்ட கட்டடத்துக்கோ, காணி நிரப்பும் வேலைக்கோ விண்ணப்பம் கிடைத்ததும், அக்காணியின் வீதியோரத்திலும் சபை அலுவலகத்திலும் தமிழில் ஓர் அறிவித்தல் வைக்கப்பட வேண்டும். மாடிகளின் எண்ணிக்கை, தரை உயர்த்தப்படும் அளவு, மழைநீர் விடப்படும் வடிகான், குழு கூடும் நாள் ஆகியவை அதில் இருந்தால் போதும். (கட்டி முடித்த பிறகு திறப்பு விழாவுக்கு வைக்கும் பதாகையின் செலவில் கால்வாசிகூட இதற்கு ஆகாது.)

பொறாமைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு நல்ல முயற்சிகளையும் தடுப்பார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே ஆட்சேபங்களை இரண்டு வாரங்களுக்குள் எழுத்தில் மட்டுமே ஏற்கலாம். எல்லை, வடிகால், பாதை, வாகன நெரிசல் ஆகியவற்றுக்குப் புறம்பானவற்றைக் குழு தயங்காமல் தள்ளிவிடலாம். ஏற்றுக்கொண்டவற்றுக்கும் நிராகரித்தவற்றுக்கும் ஒரு வரியிலேனும் காரணம் எழுதி அனுமதிக் கோவையில் சேர்த்துவிட்டால், பின்னாளில் வழக்கு வந்தாலும் கட்டியவருக்கே அது பாதுகாப்பாகும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.