மூன்று துறைக்கும் பொதுவான ஆய்வகத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மெல்லிய படல ஆய்வகத்தில், படலம் பூசும் ஸ்பட்டரிங் மெஷினைக் குளிர்விக்கும் சில்லர் பழுதானது தாங்கள் அறிந்ததுதான். பதினொரு மாதமாகிறது. கடந்த வெள்ளிக்கிழமை எங்கள் கோப்பு நான்காம் முறையாகத் திரும்பி வந்தது, 'உரிய துறை வாயிலாக அனுப்புக' என்ற குறிப்போடு. எது உரிய துறை? மெஷின் இருப்பது இயற்பியல் கட்டடத்தில். வாங்கியது வேதியியல் துறையின் திட்ட நிதியில். அதில் செய்யும் அம்மோனியா சென்சாருக்குச் சர்க்யூட் போடுவது மின்னணுவியல் துறை. ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்தபோது மூன்று துறையும் ஒன்றையொன்று கைகாட்டின.

கேட்பது ஒன்றுதான். அந்த ஆய்வகத்துக்கு ஒரு முழுநேரப் பொறுப்பாளரை, எந்தத் துறைக் கணக்கிலும் சேராத பராமரிப்பு நிதியோடு நியமியுங்கள்.

ஸ்பட்டரிங்கில் ஆர்கான் அயனிகள் துத்தநாகத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்க்கும்போது தகடு கடுமையாகச் சூடாகும். அடியில் குளிர்நீர் ஓடாவிட்டால் அங்குள்ள காந்தங்கள் வலுவிழக்கும். சில்லர் இல்லாமல் மெஷினைத் தொடவே முடியாது. அதனால் படலம் பூச வேண்டிய சிலிக்கான் துண்டுகளை டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு இரவுப் பேருந்தில் பெங்களூரு போகிறேன். அங்கே ஓர் ஆய்வகத்தில் மெஷினை நான்கு மணி நேரம் தருவார்கள். ஜூலையில் பேருந்து தாமதமாகி அதில் பாதி போயிற்று. துத்தநாக ஆக்சைடு படலங்களோடு மழையில் திரும்பி டெசிக்கேட்டரைத் திறந்தால், நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் ஈரம் ஏறி இளஞ்சிவப்பாகியிருந்தது. அம்மோனியா பட்டால் மாற வேண்டிய மின்தடை, ஈரத்துக்கே ஏறி இறங்கியது. மறுபடி சூடாக்கிப் பார்த்தும் நிலைக்கவில்லை. எட்டு சாம்பிளையும் ஒதுக்கினேன். மின்னணுவியல் தோழி செய்துவைத்த போர்டு சென்சாருக்காகக் காத்துக் கிடக்கிறது. அவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது.

2021 டிசம்பரில் சிப் உற்பத்திக்கென்று ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 2022 ஜூலையில் அதே அரசு, பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த, 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும் என்ற சலுகையை நீக்கியது. பெரும்பாலான கருவிகளுக்கு வரி 18 சதவீதமானது. ஆலைகளில் வேலை செய்யப்போகிறவர்கள் எந்த மெஷினில் கைபழகுவார்கள்? வாங்கவே இவ்வளவு பாடு என்னும்போது, வாங்கியதையும் தூசியடைய விட மனம் எப்படி வருகிறது?

மன்னிக்கவும். வரி டெல்லியின் முடிவு. தங்களிடம் முறையிட்டுப் பயனில்லை. பொறுப்பாளர் நியமனம் தங்கள் கையில் இருக்கிறது. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அழைத்தால் மூன்று துறை மாணவர்களும் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி