பயிற்சிக்கு வரும் மாணவருக்கு முதலில் பாஸ்புக்கைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் பி.காம். மூன்றாமாண்டு படிக்கிறேன். இரண்டாமாண்டு முடிந்த விடுமுறையில், மே மாதம் முழுக்க எங்கள் ஊர் வங்கிக் கிளை ஒன்றில் பயிற்சிக்குப் போனேன். அந்தக் கிளையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், ஆள் பற்றாமல் திண்டாடுகிறவர்கள். எல்லா வங்கிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிப் பேசும் இடம் உங்கள் குழு என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதல் நாள் மேனேஜர் சார், "உட்காரும்மா, சொல்றேன்" என்றார். கூட்டம் வந்துவிட்டது. நான்கு நாள் கணக்குத் திறப்பு விண்ணப்பங்களோடு ஆதார் ஜெராக்ஸைப் பின்னடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு பாட்டி சலானை நீட்டி, "எழுதிக்குடு பாப்பா" என்றார். அவருக்கு எழுதிக் கொடுத்ததும் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அன்றிலிருந்து சலான் மேசைதான் என் இடம். சலானில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும் இருந்தன. வாடிக்கையாளர் கையில் தரும் படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொல்லிவைத்திருப்பது. தமிழ்ச் சலான் தீர்ந்துபோய்ப் பல மாதமாம்.

சலான் எழுதுவதைக் குறையாகச் சொல்லவில்லை. வங்கி என்றால் என்னவென்று அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன். 15ஆம் தேதிக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறியதும் வாசல் வரை வரிசை நிற்கும். நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்று பாஸ்புக்கோடு வருகிறவர்களில் பலருக்குப் பணம் வந்துதான் இருக்கும், வேறு கணக்கில். ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்ததோ அங்கே போய்விடுகிறது. எப்போதோ யாரோ திறந்து கொடுத்த கணக்கு அது. இதை எனக்குச் சொன்னவர் நகை மதிப்பீட்டாளர் அண்ணன். உரைகல்லில் நகையைத் தேய்த்து, கோட்டின் நிறம் பார்க்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவர் வங்கி ஊழியர்கூட இல்லை, ஒவ்வொரு நகைக்கடனுக்கும் கமிஷன் வாங்குகிறவர். அந்த 30 நாளில் எனக்கென்று நேரம் ஒதுக்கிய ஒரே ஆள் அவர்.

மே கடைசி வாரத்தில் கேள்வி மாறியது. "என் காசு 436 ரூவாயை யாரு எடுத்தா?" என்று பாஸ்புக்கைக் காட்டினார்கள். சிலருக்கு 20 ரூபாய், சிலருக்கு இரண்டும். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "உள்ளே கேளுங்க" என்றேன். உள்ளே கூட்டம். வந்தவர்கள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த வாரம்தான் ஒரு அக்கா வந்தார். ஏப்ரலில் கணவர் லாரி மோதி இறந்துவிட்டார். அவர் கணக்கை மூடி, மீதியிருந்த சொற்பப் பணத்தை வாங்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். படிவத்தை நான் எழுதினேன். கணக்கு எண்ணைப் பார்க்கப் பாஸ்புக்கைப் புரட்டியபோது, போன வருஷ மே மாதத்தில் 20 ரூபாய் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. எல்லோருக்கும் பிடிக்கிறார்களே, அதுதான் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவரும் போய்விட்டார்.

மறுநாள் டீ குடிக்கும் நேரத்தில் துணை மேலாளர் மேடத்திடம் அந்த 20 ரூபாய் என்ன என்று கேட்டேன். விபத்துக் காப்பீடு, ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை, விபத்தில் இறந்தால் வாரிசுக்கு 2 லட்சம் என்றார். 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கு, அதிலும் 2 லட்சம். எனக்குக் கை நடுங்கியது. நேற்று வந்தவரைச் சொன்னேன். மேடம் அப்போதே எழுந்து படிவத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். அந்த அக்கா மூன்றாம் நாள் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். நான் டீ நேரத்தில் கேட்காமல் இருந்திருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. அதற்கு முன் வந்து போன மற்ற பாஸ்புக்குகளில் என்னென்ன இருந்தனவோ.

வங்கியியல் எனக்குப் பாடமாகவே இருந்தது. காசோலையின் வகைகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுவேன். ஒரு விவசாயக் கூலியின் பாஸ்புக்கில் வருஷம் முழுக்க அச்சாகும் பத்துப் பன்னிரண்டு குறியீடுகளை யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. பயிற்சிக்கு வரும் மாணவரை முதல் இரண்டு நாள் ஒரு பாஸ்புக் மாதிரியோடு உட்கார வையுங்கள். எந்த வரி என்ன, எதைக் கண்டால் உள்ளே இருக்கும் அதிகாரியிடம் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கை மூட வரும் குடும்பத்தின் பாஸ்புக்கில் 20, 436 இருக்கிறதா என்று பார்ப்பது அதில் முதலாவதாக இருக்கட்டும். பக்கம் பக்கமாகப் பாடத்திட்டம் வேண்டாம், தமிழில் நான்கு பக்கக் கையேடு போதும். அதன் பிறகு எங்களைச் சலான் மேசையில் விடுங்கள், 'பயிற்சி மாணவர்' என்று தமிழில் எழுதிய அட்டையோடு. ரகசியம் காப்போம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணினியைத் தர வேண்டாம். ஒருநாள் நெருக்கடியில் ஒருவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு எழுந்து போனார். ஏதாவது தவறியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும், எனக்குப் படிப்பு. அது எந்தக் கிளையிலும் நடக்கக் கூடாது. என் தோழி வேறொரு வங்கியில் பயிற்சிக்குப் போனாள். சொந்தக்காரர்களிடம் பத்துக் கணக்காவது பிடித்து வந்தால்தான் சான்றிதழ் என்றார்களாம். அதையும் நிறுத்துங்கள். மாமா, சித்தப்பா வீட்டில் அவள் பட்ட கூச்சத்தை நேரில் பார்த்தவள் நான்.

பஸ் காசு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு டவுன் பஸ்ஸில் மகளிர் இலவசப் பயணம் இருந்தது. என்னோடு வந்த பையன் தினமும் டிக்கெட் எடுத்தான், மதியச் சாப்பாட்டுக்கும் செலவழித்தான். மூன்றாவது வாரம் நின்றுவிட்டான்.

அடுத்த மே மாதம் எங்கள் ஜூனியர்கள் வருவார்கள். அந்த நான்கு பக்கத்தை ஏப்ரல் முடிவதற்குள் கிளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நாங்கள் எழுதித் தருகிறோம், உங்கள் அதிகாரி ஒருவர் சரிபார்த்தால் போதும்.

இப்படிக்கு,
பி.காம். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி,
திருவாரூர் மாவட்டம்