இஸ்திரி வண்டியை விரட்ட வேண்டாம், மொட்டைமாடியில் இரண்டு சோலார் பேனலுக்கு இடம் கொடுங்கள்

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு,

வணக்கம். நான் ஓர் இஸ்திரிக்காரரின் மகள். அப்பா 26 வருடமாக நகரத்தின் கிழக்குப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி போட்டிருக்கிறார். போன வாரம் அந்தச் சங்கத்திலிருந்து வாட்ச்மேன் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள். கரிப்புகை மூன்றாவது மாடி வரை வருகிறதாம், சாம்பல் பறந்து கார்கள்மேல் விழுகிறதாம், மாதக் கடைசிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டுமாம். எந்தச் சங்கம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இதே மாதிரி கடிதம் இந்த வருடம் வாங்கிய இன்னும் மூன்று பேரை எங்களுக்குத் தெரியும், நான்கும் வேறு வேறு கட்டடங்கள், அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். புகையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அந்தப் புகை உங்கள் மூன்றாவது மாடிக்கு வருவதற்கு முன்னால் அப்பாவின் மூக்கு வழியாகத்தான் போகிறது. காலை ஆறு மணிக்குக் கொட்டாங்குச்சி வைத்துக் கரியைப் பற்றவைத்து, அட்டையால் விசிறி, கங்கு சிவந்த பிறகு பெட்டியில் அள்ளிப் போடுவார். அந்தப் பித்தளைப் பெட்டி ஏழு கிலோ இருக்கும், மத்தியானம் வரைக்கும் அதைத்தான் இழுக்க வேண்டும். ஒரு பொறி தெறித்து யாருடைய வெள்ளைச் சட்டையிலாவது பொத்தல் விழுந்தால் அன்றைய சம்பாத்தியம் போச்சு. கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா எத்தனையோ வருடமாகச் சாயங்காலத் தலைவலிக்கு வெயில்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார். நான் டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்து, யுபிஎஸ், பேட்டரி சர்வீஸ் வேலைக்குப் போன பிறகுதான் இதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சாக வந்தது.

இந்தப் புகைக்கு எங்கள் திருவண்ணாமலைப் பெண் ஒருத்தி வழி கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. வினிஷா உமாசங்கர். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு வீட்டுக்கு வரும்போது தெருவில் ஓர் இஸ்திரிக்காரர் எரிந்து தீர்ந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறாள், அப்போது அவளுக்கு 12 வயது. நாம் எல்லாரும் பார்த்ததுதான், நானே தினமும் பார்த்து வளர்ந்தவள், எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோ கரி என்று அவள் போட்ட கணக்கு எங்கள் அப்பாவின் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. வண்டியின் கூரையிலேயே சோலார் பேனல், கீழே 100 ஆம்பியர்-அவர் பேட்டரி, நீராவி இஸ்திரிப் பெட்டி. ஐந்து மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் ஆறு மணி நேரம் பெட்டி ஓடும் என்பது அவள் வடிவமைப்பு. வெயில் இல்லாத நாளில் கரண்டிலும் ஓடும்படி வைத்திருக்கிறாள். அதோடு விடவில்லை, வண்டியிலேயே போன் சார்ஜ் செய்துகொடுத்து நாலு காசு கூடச் சம்பாதிக்கலாம் என்று அதற்கும் இடம் வைத்தாள். இந்தத் தொழிலில் கையில் என்ன மிஞ்சும் என்று யோசித்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும், இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாதிரி வண்டி செய்யத் தேசியப் புத்தாக்க நிறுவனம் உதவியது. 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு அவளுக்குக் கிடைத்தது. பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் சுற்றுச்சூழல் பரிசின் முதல் வருடமான 2021இலேயே கடைசிச் சுற்றுக்கு வந்த 15 பேரில் ஒருத்தி. காற்றைச் சுத்தமாக்கும் பிரிவில் பரிசு டெல்லியைச் சேர்ந்த வித்யுத் மோகனின் டக்காச்சார் நிறுவனத்துக்குப் போனது, வயலில் கொளுத்தும் கழிவைப் பயனுள்ள பொருளாக மாற்றும் சின்ன இயந்திரம் அது. ஒரே பிரிவில் நம் நாட்டவர் இரண்டு பேர், இரண்டும் நம் ஊர்களின் புகை. அப்புறம் அந்த நவம்பர் 2ஆம் தேதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் நின்று, பழைய வாதங்களை விட்டுவிட்டு உங்கள் நேரத்தையும் பணத்தையும் எங்கள் கண்டுபிடிப்புகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டாள்.

இவ்வளவும் நடந்த பிறகும் அப்பா இன்னும் கரிதான் போடுகிறார். ஏன் என்று என் எலக்ட்ரிகல் வேலைக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இஸ்திரி வண்டி மரத்தடியில்தான் நிற்கும். சூடான பெட்டியோடு ஆறேழு மணி நேரம் நிற்கிற மனுஷனுக்கு நிழல் வேண்டும், பேனலுக்கோ வெயில் வேண்டும். திருவண்ணாமலை வெயிலுக்கு நினைத்த வண்டி பெங்களூர் தூங்குமூஞ்சி மரத்தடியில் பாதிகூடச் சார்ஜ் ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமூட்டம் வேறு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்கில் 1.2 யூனிட் இருக்கும், லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆக நம்பி எடுக்கக்கூடியது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரம் வாட் பெட்டி தெர்மோஸ்டாட்டால் விட்டு விட்டு ஓடினாலும் ஆறு மணி நேரத்துக்கு மூன்று யூனிட் வரை இழுக்கும். மீதி நேராகப் பேனலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பேனல் வண்டியிலிருந்து இறங்கி வெயில் படுகிற இடத்துக்குப் போக வேண்டும், அந்த இடம் உங்கள் மொட்டைமாடி. இதில் அந்தப் பெண்ணின் யோசனைக்கு ஒரு குறையும் இல்லை, ஊருக்கு ஊர் மாற்றிப் பொருத்துகிற வேலைதான் மிச்சம், அதை இந்த ஊர்க்காரர்கள் நாம்தான் செய்ய வேண்டும்.

540 வாட் பேனல் இரண்டு போதும். ஒன்று ஏழரை அடி நீளம், நாலடிக்கும் குறைவான அகலம். நல்ல வெயில் நாளில் இரண்டும் சேர்ந்து நாலு யூனிட் தரும். உங்கள் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வரிசைக்குப் பக்கத்தில் இது ஒரு மூலை. மாடி வேண்டாமென்றால் வாட்ச்மேன் அறையின் கூரை, அதுவும் முடியாதென்றால் கேட்டுக்கு அருகே தனி மீட்டர் போட்டு ஒரே ஒரு ப்ளக். மூன்று யூனிட்டுக்கு ஆகிற காசு ஒரு கிலோ கரியின் விலைக்கும் குறைவு, அதை அப்பா மாதாமாதம் கட்டிவிடுவார், யாருடைய தயவிலும் இலவசமாக வேண்டாம்.

வீட்டுக்கூரையில் சோலார் போடுவதற்கான பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்க கூரை வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்குக் கூரை ஏது? ஆனால் அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்கள் பொதுப் பயன்பாட்டுக்குச் சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. லிஃப்ட்டுக்கும் பொது விளக்குக்கும் பல சங்கங்கள் போடுகின்றன. அப்படிப் போடும்போது கேட்டுக்கு ஒரு லைன் இழுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் வருடச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். வண்டியை எடு என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்புவதற்குப் பதிலாக, இவர் இங்கே இத்தனை வருடமாக இருக்கிறார் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் வியாபாரச் சான்றிதழ் வாங்குகிற இடத்தில் அது பெரிய உதவி.

கேஸ் இஸ்திரிப் பெட்டி வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வாங்கலாம், சிலர் வாங்கியும் இருக்கிறார்கள், கரிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் வெயில் காலத்தில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைத்துக்கொண்டு நிற்க அப்பாவுக்குப் பயம், அவரை நான் வற்புறுத்த முடியாது.

அப்பாவுக்குக் கொடுத்திருக்கிற கெடு முடிவதற்கு முந்தின ஞாயிறு அந்தச் சங்கத்தின் மாதக் கூட்டம். பேனலுக்கும் பேட்டரிக்கும் ஆகிற செலவில் பாதியை நான் சேர்த்து வைத்திருக்கிறேன், மீதிக்கு லோன் கேட்டிருக்கிறேன், ஒயரிங் வேலை நானே செய்வேன். காலை பத்து மணிக்கு வரைபடத்தோடு கீழே வண்டிப் பக்கத்தில் நிற்பேன். யாராவது ஒருவர் இறங்கி வந்து மாடிச் சாவி கொடுத்தால் அன்றைக்கே அளவெடுத்துவிடலாம்.

முருகேஷ்பாளையாவிலிருந்து,
ஓர் இஸ்திரிக்காரரின் மகள்