கண்ணயர்வதும் தூங்குவதும்

அன்புள்ள பாலா,

நாலு மாதம் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டப்போவதையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. இப்போது தேறி வருகிறார். ராத்திரியில் நான்தான் பக்கத்தில் இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? சுந்தரியின் அகராதியை இன்னும் திருப்பித் தரவில்லையாமே, பதினோரு வருஷம் போதாதா உனக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பாவைப் பார்க்க வந்த ஸ்டெல்லா அக்கா, கிளம்பும் முன் பைபிளின் 121ஆம் சங்கீதத்தை வாசித்தார். காக்கிறவர் உறங்குவதும் இல்லை, தூங்குவதும் இல்லை என்று அதில் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு தடவை? அன்று இரவே ஆங்கிலத்தில் பார்த்தேன். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பில் முதல் சொல் ‘ஸ்லம்பர்’, அடுத்ததுதான் ‘ஸ்லீப்’. மூல எபிரேயத்திலும் தனித்தனிச் சொற்களே. முதலாவது கண்ணயர்வதைக் குறிக்கிறது. தூங்குவது இருக்கட்டும், கண் அசருவதுகூட இல்லை என்கிறது அந்த வரி.

அந்தக் ‘கூட’ என்னை விடவில்லை, பாலா. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் நான் அசந்துவிட்டேன். தூங்கவில்லை, நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால், அப்பா ஒரு காலைத் தரையில் வைத்துத் தானே எழுந்திருக்கப் பார்க்கிறார். ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். ஆனால் இன்னும் கை நடுங்குகிறது.

அப்புறம் அந்த ‘ஸ்லம்பர்’ என்ற சொல்லையே தோண்ட ஆரம்பித்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்லூமா’ என்றால் லேசான தூக்கம். அதில் ‘ப’ ஒலியே கிடையாது! அதிலிருந்து வந்த வினைச்சொல்லில், நடுக்கால ஆங்கிலத்தில்தான் அது புகுந்தது. நீயே சொல்லிப் பார். ‘ம்’ சொல்ல உதடு மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். அடுத்து ‘ர்’ வர வேண்டும். உதடு பிரிவதற்கு ஒரு கணம் முன்பே மூக்கு வழி அடைபட்டால், நடுவில் ‘ப்’ என்று ஒரு சின்ன வெடிப்பு. யாரும் வேண்டுமென்று சேர்த்ததில்லை, வாயே சேர்த்துக்கொண்டது. லத்தீன் ‘காமெரா’ பிரெஞ்சு வழியாகச் ‘சேம்பர்’ ஆனதும் இப்படித்தான். ஜெர்மன்காரர்களின் ‘ஷ்லும்மர்ன்’ அந்த ‘ப’ இல்லாமலே இருக்கிறது; அலாரத்தைச் சில நிமிஷம் தள்ளிப்போடும் பொத்தானுக்கு அவர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலத்திலோ இப்போது அது கவிதைச் சொல்லாகிவிட்டது, ஆழ்ந்த தூக்கத்துக்கும் அதையே போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு நுட்பமான சொல்லை மழுங்க விடலாமா?

நாமும் அதைத்தானே செய்தோம் என்பாய். தெரியும். ‘தூங்கு’ என்றால் முதலில் தொங்குவது, ஆடுவது. தூங்கணாங்குருவிக் கூட்டில் அந்தப் பொருள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘துஞ்சு’ சங்கப் பாட்டில் தூக்கத்துக்கும் சாவுக்கும் பொது. ஆனால் ‘கண்ணயர்தல்’ நம்மிடம் பத்திரமாக இருக்கிறது.

அப்பாவுக்கு இந்தக் கண்ணயர்வு பகலில்தான். சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது தாடை மெல்லத் தளரும், இமைக்கு அடியில் விழி மெதுவாக உருளும். ‘‘தூங்குங்கப்பா’’ என்றால், ‘‘யார் தூங்கினா? முழிச்சிட்டுத்தான் இருக்கேன்’’ என்பார். பொய்யில்லை. தூக்கத்தின் அந்த முதல் கட்டம் சில நிமிஷம்தான். அதிலிருந்து எழுப்பினால் தூங்கவே இல்லை என்றுதான் பலரும் சொல்வார்களாம்.

இப்போது ராத்திரி மூன்று மணி. முழித்திருக்கத்தான் உனக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை வருகிறாயா? ஒரு ராத்திரி நீ அவர் பக்கத்தில் இரு, நான் தூங்க வேண்டும். வரும்போது சுந்தரியின் அகராதியையும் எடுத்து வா.

அன்புடன்,
ரகு