வாட்ச் சொல்லும் கலோரிக் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்,

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கலோரியை அப்படியே நம்பி, எரித்ததாகச் சொன்ன அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். உடற்பயிற்சி பற்றி அவ்வளவு எழுதுகிறீர்கள், இதையும் கொஞ்சம் எழுதுங்களேன்.

அந்த வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. நாடித்துடிப்பையும் கையசைவையும் பார்த்து, நாம் கொடுத்த வயது, எடை, உயரத்தோடு ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தபோது, நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே சொல்லின, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93.

இன்னொன்றைத்தான் பலர் கவனிப்பதில்லை. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் சுமார் 245 கலோரி வரும், சரி, ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 70 செலவாகியிருக்கும், அந்த எழுபதை டயட் ஆப் தினசரித் தேவையில் ஏற்கெனவே சேர்த்திருக்கும். நடையால் கூடுதலாகக் கிடைத்தது 175தான். ஆப்பில் 'சுறுசுறுப்பானவர்' என்று வேறு தேர்ந்தெடுத்திருந்தால் அந்த நடையே இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

வாட்ச்சைக் கழற்றி வீசச் சொல்லவில்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் அதிகம் அசைந்தோமா என்று பார்க்க அது போதும். ஆனால் ஆப் தயாரிப்பவர்கள் '245' என்று அடித்துச் சொல்லாமல், '180 முதல் 310 வரை' என்று காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்